ஆடியில் விதை, புரட்டாசியில் வரலாறு: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பருவ வாசிப்பை அமைப்பது எப்படி?

ஹோம்ஸ்கூலிங் தொடங்குகிற பெற்றோர் பெரும்பாலும் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய இரண்டு பை நிறையப் புத்தகங்களோடுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். முதல் வாரம் கற்காலம், இரண்டாம் வாரம் சிந்துவெளி, மூன்றாம் வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல், நான்காம் வாரம் புத்தகம் பரணுக்குப் போய்விடும்.

மதுரையில் எங்களோடு சேர்ந்து படிக்கும் சில குடும்பங்களிலும் இதே கதையைப் பார்த்தேன். புத்தகங்களிலோ பிள்ளைகளிலோ குறை இல்லை. எதை முதலில் வைப்பது என்பதில்தான் கோளாறு. தோட்டம், குடும்பம், வரலாறு என்று மூன்று வாசிப்புகளையும் ஒரே பருவத்தில் ஓட்டலாம். ஆனால் வரிசையை விதைதான் முடிவு செய்யும். கீரை 25 நாளில் வரும், மிளகாய் பூக்க எண்பது நாள் ஆகும், அவரை பனி வராமல் காய்க்காது. இந்த நாட்களோடு வாசிப்பைக் கோத்துவிட்டால் மீதி தானாக நடக்கும்.

இது 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு, ஆடி முதல் நாள் (ஜூலை 17 வாக்கில்) தொடங்கி 13 வாரம் ஓடும் திட்டம். தைப்பட்டத்திலும் செய்யலாம். ஆனால் அறுவடை முடியும் முன்பே கோடை வந்து நிற்கும் என்பதால், முதல் முறை செய்பவர்கள் ஆடிக்கே காத்திருங்கள்.

1. ஆனியிலேயே சேர்த்து வைக்க வேண்டியவை

புத்தகம் மூன்று போதும்: பிள்ளைகளுக்கு இரண்டு, உங்களுக்கு ஒன்று. எவை என்று மூன்றாம் படியில் சொல்கிறேன். இருபது புத்தகம் இருந்தால் பிள்ளை எதையும் இரண்டாம் முறை வாசிக்காது. ஒரு புத்தகம் பிடிபடுவதே இரண்டாம் முறையில்தான்.

ஆளுக்கு ஒரு 200 பக்க நீள நோட்டு, உங்களுக்கும் ஒன்று. பாடத்துக்கொரு நோட்டு போடாதீர்கள். தோட்டக் குறிப்பும், அப்பத்தா சொன்னதும், வரலாறும் ஒரே நோட்டில் தேதி வரிசையில் வர வேண்டும். ஒன்றுக்கொன்று இருக்கிற தொடர்பு அப்போதுதான் கண்ணில் படும்.

மாடிக்கு 12 அங்குலப் பை ஆறு, அகலமான கீரைப் பை இரண்டு, ஒரு குழித்தட்டு. மண் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்து, உப்பு போக இரண்டு முறை நீரை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஊறினால் பல மடங்கு ஊதிப் பெருகும், சமையலறைத் தொட்டியில் மட்டும் ஊற வைக்காதீர்கள்.

கலவையை விதைப்பதற்குப் பத்து நாள் முன்பே பையில் நிரப்பி ஈரமாக வைத்துவிட வேண்டும். புண்ணாக்கு மட்கும்போது சூடு கிளம்பும். அன்றே விதைத்தால் முளைக்குருத்து வெந்துவிடும். புதியவர்களின் விதை முளைக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான், பழி மட்டும் விதைக்கடைக்குப் போகும்.

இன்னும் மூன்று பொருள்கள் வேண்டும்: குரல் பதிவு செய்யும் ஒரு போன், அறுபது தமிழ் வருஷப் பட்டியல் உள்ள ஒரு பஞ்சாங்கம், கொடிக்கயிறும் துணி கிளிப்பும். கயிறு எதற்கென்று ஏழாம் படியில் தெரியும்.

கடைசியாக, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். சொந்தத் தாத்தா பாட்டி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ‘பேச ஆள் வந்திருக்கு’ என்றால் வேண்டாம் என்று சொல்லும் பெரியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

2. முதல் வாரம்: விதை மட்டும்

முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கை மண்ணில் பட்ட பிறகு வாசித்தால் பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்கும். அதற்கு முன் வாசித்தால் தலையை மட்டும் ஆட்டும்.

ஐந்து பயிர் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

சிறுகீரை. 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். பொடி விதை என்பதால் இரண்டு கைப்பிடி காய்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டி ஒன்றையொன்று நெருக்கும். எறும்பு விதையைத் தூக்கிப் போகும். பையிலிருந்து தள்ளிக் கொஞ்சம் நொய்யைப் போட்டுவிட்டால் அது அங்கே போய்விடும்.

முள்ளங்கி. ஏறத்தாழ 45 நாள். நேரடியாகப் பையிலேயே ஊன்றுங்கள். குழித்தட்டில் போட்டுப் பிடுங்கி நட்டால் வேர் முறிந்து, கவட்டை போலப் பிரிந்துதான் கிழங்கு வரும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை, சாம்பாருக்குத்தான் உதவாது.

வெண்டை. விதையை முதல் நாள் இரவு ஊற வைத்து ஊன்றினால் ஐந்தாறு நாளில் முளைக்கும். 45 நாளுக்கு மேல் காய்க்கத் தொடங்கும்.

மிளகாய். இதைத்தான் குழித்தட்டில் போட வேண்டும். நாற்று 35 முதல் 40 நாளில் நடவுக்கு வரும், பூக்க இன்னும் அவ்வளவு நாள். கூட்டிப் பார்த்தால் பதினோராம் வாரம். வரலாற்றில் மிளகாயைப் பற்றிப் பேசப் போவது எட்டாம் வாரத்தில், அப்போது செடி பையில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கு தப்பக்கூடாது. எனவே முதல் நாளே மிளகாய் விதை தட்டுக்குள் போயாக வேண்டும்.

கொடி அவரை. ஆடியில் ஊன்றினாலும் பனிக்காலத்தில்தான் காய்க்கும். இந்த 13 வாரத்துக்குள் ஒரு காய்கூட வராது. தெரிந்தேதான் வைக்கச் சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்றுவதில் பிள்ளைகளுக்குள் போட்டி வரும். இரண்டு பேர் ஊற்றினால் செடி இரண்டு முறை குளிக்கும், வேர் அழுகும். எங்கள் வீட்டு விதி: விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடு, ஈரம் ஒட்டினால் குவளையைக் கீழே வை.

3. இரண்டாம், மூன்றாம் வாரம்: நீங்கள் முதலில் வாசியுங்கள்

பிள்ளைகள் முளையை எண்ணிக்கொண்டிருக்கும் இந்த இரண்டு வாரம் உங்களுக்கானது. பிள்ளைக்குக் கொடுக்கப் போகும் பக்கத்தை நீங்கள் முன்பே இரண்டு முறை வாசித்திருக்க வேண்டும். ஒரு முறை மனத்துக்குள், ஒரு முறை சத்தமாக. சத்தமாக வாசித்தால்தான் நாக்கு எங்கே தடுக்குகிறது என்று தெரியும். நீங்கள் தடுக்கும் இடத்தில் பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடும்.

குடும்பத்துக்கு நான் வைத்தது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் முடிவு பெறாமல் நின்றது. முதல் சில அத்தியாயங்கள் போதும். அவர் ‘நான் பிறந்தேன்’ என்று ஆரம்பிப்பதில்லை. முதலில் ஊர், அப்புறம் முன்னோர், அதற்குப் பிறகுதான் அவர் வருகிறார். இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவரிடம் கேட்கப் போகும் கேள்விகளும் இதே வரிசையில்தான் போகும்.

வரலாற்றுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதியது. முழுதும் வாசிக்க முயலாதீர்கள், அது பல தொகுதி. கப்பல் வந்தது, இன்னார் வந்து பேசினார் என்று போகும் இரண்டு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நடை பழையது. நீங்கள் பழகிக்கொண்டு வாசித்துக் காட்டினால் பிள்ளை கேட்கும், தானே வாசிக்கச் சொன்னால் கேட்காது.

இந்த நாட்குறிப்பை வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிள்ளைகளின் தோட்டக் குறிப்புக்கு இதுதான் மாதிரி. தேதி, அன்று நடந்தது, யார் சொன்னார்கள் என்பது, அவ்வளவுதான். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்று பழைய குறிகளைக் காட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் மகனுக்கு நோட்டெழுதச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அவனது ஒரு குறிப்பு: ‘ஆடி ௴ 9 ௳. காலையில் வெயில். வெண்டை 4 முளைத்தது, 2 வரவில்லை. தோண்டிப் பார்த்தேன். அம்மா திட்டினாள்.’

தோட்டத்துக்கு உங்கள் வாசிப்பில் ஓர் எச்சரிக்கை. இயற்கை வேளாண்மையில் ஆர்வம் வந்த எல்லோரும் முதலில் எடுப்பது மசனோபு ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. நல்ல புத்தகம், எனக்கும் பிடித்தது. ஆனால் உழாதே, உரமிடாதே, களை பறிக்காதே, மருந்தடிக்காதே என்று அவர் சொன்னது ஜப்பானில் அவருடைய வயலிலும் பழத்தோட்டத்திலும் செய்து பார்த்து. மாடியில் இருக்கிற பைக்கு அது பொருந்தாது. பையில் ஊற்றும் தண்ணீரோடு சத்தும் அடியில் வடிந்துவிடும், பதினைந்து நாளுக்கொரு முறை நாம்தான் போட வேண்டும். அந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டு உரத்தை நிறுத்தி, வெளுத்த வெண்டைச் செடியைக் காட்டி ‘ஏன்?’ என்று கேட்டவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். பைக்கு, உங்களுக்கென்று நான் சொன்ன அந்த ஒரு புத்தகமாக, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளே உதவும். அவற்றில் ரசனை கிடையாது, நாள்கணக்கும் இடைவெளியும் சரியாக இருக்கும்.

ஜப்பானில் வித்தியாசமான ஒரு பள்ளியில் படித்த சிறுமியின் கதையான ‘டோட்டோ சான்’ வாசிக்காமல் நம் ஊரில் யாரும் ஹோம்ஸ்கூலிங்குக்கு வருவதில்லை, எனவே அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் தலைமையாசிரியர் ஒரு விவசாயியைக் கூட்டிவந்து இவர்தான் உங்கள் ஆசிரியர் என்று அறிமுகம் செய்யும் பகுதியை மட்டும் இந்த வாரம் திரும்ப வாசியுங்கள். உங்கள் தெருவில் அந்த ஆள் யார் என்று யோசியுங்கள். எங்களுக்குக் கீரை விற்க வரும் அம்மாதான். சிறுகீரையையும் முளைக்கீரையையும் இலையை வைத்துப் பிரித்துக் காட்டியது அவர்தான், எந்தப் புத்தகமும் இல்லை.

4. நான்காம் வாரம்: கீரையோடு அப்பத்தா வீட்டுக்கு

இந்தத் திட்டத்தின் அச்சாணி இந்தப் படி.

முதல் ஆண்டு நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி போட்டு, போனை ஸ்டாண்டில் நிறுத்தி, ‘அப்பத்தா, உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க’ என்று என் மகனைக் கேட்க வைத்தேன். என் மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ‘என்னத்தய்யா சொல்ல, எல்லாம் ஓடிப்போச்சு’ என்றார். பதிவு 40 விநாடி.

அடுத்த முறை கீரையோடு போனோம். பிள்ளைகள் வேரோடு பிடுங்கிய இரண்டு கட்டு சிறுகீரை. முறத்தில் கொட்டி எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஆய்ந்தோம். போன் முறத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம், சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். ‘இந்தத் தண்டத் தூரப் போடாதீக, அதுல ஒரு கூட்டு வைப்பாக எங்க ஆத்தா’ என்று தொடங்கியது, 50 நிமிடம் ஓடியது.

கீரை 25 நாளில் வரும் என்பதால்தான் அப்பத்தாவை நான்காம் வாரத்தில் வைத்தேன். முன்னால் போனால் கையில் கீரை இருக்காது. பின்னால் போனால் கீரை முற்றிவிடும்.

கேள்விகளை ஊரிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், அடுப்பு எப்படி இருந்தது, காசு கொடுத்து வாங்கிய காய் எது, வாங்கவே வேண்டியிராத காய் எது. இந்தக் கடைசிக் கேள்வி தங்கம். ‘தக்காளியா? அது விசேஷத்துக்குத்தான். கொழம்புக்குப் புளிதான்’ என்ற ஒரு வரி எங்களுக்குப் பின்னால் வந்த வரலாற்றுப் பாடம் முழுவதையும் கொடுத்தது.

பெரியப்பா, சித்தப்பா யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் போங்கள். ‘அது அந்த வருஷம் இல்லம்மா’ என்று ஒருவர் திருத்த ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நீங்களும் திருத்தாதீர்கள். தப்பான ஆண்டைச் சரிசெய்ய அடுத்த படி இருக்கிறது.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. குடும்பக் கதை என்றால் சொத்துத் தகராறு, இறந்துபோன குழந்தை, பேச்சுவார்த்தை இல்லாத தங்கை, சாதியின் பெயரால் நடந்தவை எல்லாம் வரும். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன் நீங்கள் ஒரு நாள் தனியாகப் போய், எதைக் கேட்கலாம், எதைக் கேட்க வேண்டாம் என்று பெரியவரிடமே பேசிவிடுங்கள். கேட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பதும் இல்லை. எழுத வேண்டாம் என்று அவர் சொன்னதை நோட்டில் ஏற்றாதீர்கள்.

பதிவை எழுத்தாக்கும் வேலை நாளுக்கு இரண்டு நிமிடப் பேச்சு மட்டும். முழுதையும் ஒரே மூச்சில் எழுத உட்கார்ந்தால் மூன்றாம் நாளே கை விட்டுப்போகும். பேசியது பேசியபடியே எழுதட்டும். ‘கொழம்பு’ என்பதைக் ‘குழம்பு’ என்று மாற்ற வேண்டாம்.

5. ஐந்து முதல் ஏழாம் வாரம்: ஆண்டுகளைச் சரிபார்ப்பது

பெரியவர்களுக்கு ஆண்டு எண்ணாக நினைவிருக்காது, சம்பவமாகத்தான் இருக்கும். ‘கல்யாணமான மறு வருஷம் தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோச்சு.’ அந்தப் புயல் 1964 டிசம்பர் 22 இரவில் அடித்தது. அப்படியானால் கல்யாணம் 1963. இப்படி ஒரு சம்பவம் கிடைத்தால் அதைச் சுற்றி நாலைந்து ஆண்டுகளைக் கட்டிவிடலாம்.

பிறந்த ஆண்டுக்கு மூன்று சான்றுகள் கிடைக்கும்: ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், வாய்ச்சொல். மூன்றும் ஒத்துப்போனால் அதிசயம். அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். பிறந்த தேதியை வாத்தியார் கணக்குப் போட்டு எழுதிவிடுவார். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் ஏன் இத்தனை தாத்தாக்கள் பிறந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே காரணம். ஜாதகம் இருந்தால் அதை நம்புங்கள்.

ஜாதகத்தைப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது, ஏறக்குறைய எல்லோரும் விழுகிறார்கள். என் மாமியார் ஜாதகத்தில் ‘விய வருஷம், தை மாதம்’ என்று இருந்தது. பட்டியலில் விய என்றால் 1946. பிள்ளைகள் 1946 என்று எழுதிவிட்டார்கள். தமிழ் வருஷம் சித்திரையில், அதாவது ஏப்ரலில் தொடங்குகிறது. விய வருஷத்துத் தை மாதம் வரும்போது ஆங்கிலத்தில் ஆண்டு மாறி 1947 ஆகிவிட்டது. தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஒன்றைக் கூட்ட வேண்டும். மார்கழியின் இரண்டாம் பாதியில் பிறந்தவர்களுக்கும் அப்படியே.

வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதையும் மறக்காதீர்கள். தாத்தாவின் அப்பா ‘தாது வருஷத்தில்’ பிறந்தார் என்றால் 1936 ஆகவும் இருக்கலாம், 1876 ஆகவும் இருக்கலாம். 1876 என்றால் தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிற அதே பஞ்சம். எது என்று முடிவு செய்ய அவருடைய பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்று பாருங்கள்.

காசுக் கணக்கு தனியாக ஒரு வாரத்துக்கு வரும். 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வரும் வரை ரூபாய்க்கு 16 அணா. நாலணா என்றால் ஏன் 25 பைசா, எட்டணா என்றால் ஏன் 50 பைசா என்று கேளுங்கள், பின்னம் அங்கேயே வந்துவிடும். ஓரணாவை பைசாவாக மாற்றச் சொல்லுங்கள், சரியாக வராமல் 6.25 என்று நிற்கும். அப்போது கடைக்காரர் என்ன செய்திருப்பார்? எங்கள் பிள்ளைகள் அப்பத்தாவுக்கே போன் போட்டார்கள். ‘ஆறு பைசாதான் குடுப்பான், படுபாவி’ என்றார்.

6. எட்டாம் வாரம்: தட்டிலிருந்து வரலாறு

இப்போதுதான் வரலாற்றுக்குள் போகிறோம். கற்காலத்திலிருந்து முன்னோக்கி வராமல், சாப்பாட்டுத் தட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பிள்ளைக்குத் தெரிந்த எல்லை அப்பத்தா வரைதான். அங்கிருந்து நூல் பிடித்தால் அறுபடாது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் இருந்த எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்பத்தா சின்ன வயதில் சாப்பிட்டவை எவை என்று பதிவைக் கேட்டுக் குறியிடட்டும். அப்புறம் ஐந்நூறு ஆண்டுக்கு முன் இங்கே இல்லாதவற்றை அடிக்கச் சொல்லுங்கள்.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகே கடல் கடந்தவை. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் இங்கே காலூன்றியது. அடித்து முடித்ததும் மிஞ்சுவது: அரிசி, மிளகு, இஞ்சி, மஞ்சள், புளி, கத்தரி, அவரை, முருங்கை. என் மகள் கேட்டாள், ‘அப்ப ராஜராஜ சோழன் சாம்பார்ல மிளகாய் இல்லையா?’ சாம்பாரே இருந்திருக்காது என்று சொன்னதும் வந்த மௌனத்தை வார்த்தையில் எழுத முடியாது.

காரத்துக்கு அப்போது மிளகுதான். அதைப் போலக் காரமாக ஒரு காய் வந்ததும் அதற்கு மிளகாய் என்றே பெயர் விழுந்தது. சங்க காலத்தில் மிளகுக்குக் ‘கறி’ என்றும் பெயர். அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனரின் கப்பல் சேரர் துறைமுகமான முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’. பொன்னைக் கொட்டி மிளகை அள்ளிப் போனார்கள். இந்த ஒரு வரி போதும், பாட்டு முழுவதும் மனப்பாடம் வேண்டாம். வாசித்த அன்று மிளகு ரசம் வையுங்கள்.

போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்களை வீட்டுக்குள்ளேயே தேடச் சொல்லலாம்: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை. ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

7. ஒன்பதாம் வாரம்: அப்பத்தாவின் சாண்

காலக்கோட்டைப் பேப்பரில் போட்டால் 1957க்கும் சங்க காலத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் தெரியும். பிள்ளை இரண்டையும் ‘அந்தக் காலம்’ என்ற ஒரே டப்பாவில் போட்டுவிடும். கயிறு அதற்குத்தான்.

பத்து ஆண்டுக்கு ஒரு சாண். முதல் முறை ஆளுக்கொரு சாண் வைத்து அளந்து, அக்காவின் காந்தியும் தம்பியின் காந்தியும் இரண்டு அடி தள்ளி நின்றார்கள். அதனால் யாராவது ஒருவருடைய சாணை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்பத்தாவின் சாணை எடுத்துக்கொண்டோம், 20 சென்டிமீட்டர். ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர்.

ஒரு முனையை வாசல் கிரில்லில் கட்டுங்கள், அதுதான் இந்த ஆண்டு. அப்பத்தா பிறந்தது ஒன்றரை மீட்டருக்கு மேல், கூடத்துக்குள்ளேயே. தாது வருஷப் பஞ்சம் மூன்று மீட்டர் அளவில். 1498 பத்தரை மீட்டர், கயிறு சமையலறையைத் தாண்டிக் கொல்லைப்புறம் போகிறது. முசிறிக்கு 40 மீட்டர் வேண்டும். கயிற்றைக் கழற்றித் தெருவுக்குக் கொண்டுபோய்தான் விரித்தோம், கிளிப் மாட்டிய இடம் முக்குக் கடை வாசல். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

8. பத்தாம் வாரம்: கீழடிக்கு ஒரு பொழுது

எங்களுக்கு அருகில் கீழடி. உங்கள் ஊருக்கு அருகில் வேறொன்று இருக்கும். புதியவர்கள் முதல் வாரமே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், பிள்ளை அரை மணி நேரத்தில் ஐஸ்கிரீம் கேட்கிறது என்று வருத்தப்படுகிறார்கள். கயிற்றில் 40 மீட்டர் நடந்த பிறகு போனால் நின்று பார்க்கும்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஆளுக்கு ஒரு பொருள், அதை 20 நிமிடம் உட்கார்ந்து வரைய வேண்டும். மகள் ‘ஆதன்’ என்று தமிழி எழுத்தில் கீறிய பானை ஓட்டை எடுத்துக்கொண்டாள், மகன் விளையாட்டுக் காய்களை. தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்று அப்பத்தாவிடம் கேட்டது நினைவிருந்தால், உறைகிணறு முன்னால் அவர்களே நிற்பார்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

9. செடி செத்துப்போனால்

சாகும். இரண்டாம் ஆண்டு ஆவணியில் எங்கள் வெண்டை முழுவதும் மாவுப்பூச்சியில் போனது. நான் பார்த்தது தாமதம். புதியவர்கள் இந்த இடத்தில் இரவோடு இரவாக நாற்று வாங்கிவந்து நட்டுவிடுகிறார்கள், பிள்ளை அழக்கூடாது என்று. அப்படிச் செய்தால் நோட்டில் இருக்கும் குறிப்பு பொய்யாகிவிடும்.

என்ன நடந்தது என்று எழுதட்டும். இலையின் அடிப்பக்கத்தைப் படம் வரையட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியிலும் படும்படி தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒரு முறை இலையைத் திருப்பிப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டால் அடுத்த முறை தப்பிக்கலாம்.

கீரை மட்டும் போய்விட்டால் காத்திருக்காதீர்கள், அன்றே மறுபடி தூவுங்கள். அப்பத்தா வீட்டுப் பயணத்தை அந்த 25 நாளுக்குத் தள்ளி வையுங்கள். கடையில் வாங்கிய கீரையோடும் போகலாம், போயிருக்கிறோம். ஆனால் ‘நாங்க வெதச்சது அப்பத்தா’ என்று சொல்ல முடியாத பிள்ளை சீக்கிரம் எழுந்து டிவி பக்கம் போய்விடுகிறது.

10. ஒரு நாள் எப்படிப் போகும்

காலையில் அரை மணி மாடி. வந்ததும் நோட்டு, பத்து நிமிடம். அப்புறம் 20 நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுவது, கேட்டதைப் பிள்ளை திருப்பிச் சொல்வது. அவ்வளவுதான். கணக்கும் ஆங்கிலமும் வழக்கம்போலத் தனியாக ஓடட்டும். எல்லாவற்றையும் கீரைக்குள் திணிக்க வேண்டாம், கீரைக்கும் அது நல்லதில்லை.

பிற்பாடு தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவரை இந்த நோட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். உறவினர் யாராவது ‘பிள்ளை என்னதான் படிக்கிறான்?’ என்று கேட்டால் எடுத்து நீட்ட உதவும்.

11. பதின்மூன்றாம் வாரம்: மூடுவது

மிளகாய் இந்நேரம் பூத்திருக்கும். புரட்டாசி முடிந்தால் அடைமழை. பைகளின் அடியில் இருக்கும் ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

வெண்டையில் இரண்டு காயைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். காய்ந்து வெடிக்கும் முன் பறித்து, விதையை நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டிக் காகித உறையில் போடுங்கள். உறையின் மேல் பயிர், ௵, ௴, ௳. அப்பத்தா பேச்சை எழுதிய பக்கங்களை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவரிடமே கொடுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். திருத்தங்கள் வரும், வந்ததை ஓரத்தில் வேறு மையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவரையைப் பிடுங்கிவிடாதீர்கள். பந்தலில் வெறும் இலையாகத்தான் நிற்கும், ‘இது மலடுப்பா, எடுத்துரு’ என்று மாடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். மார்கழியில் ஒரு நாள் காலையில் பூத்திருக்கும்.